தன்னையே பெஞ்சில் உட்கார வைத்த மேனேஜர்

சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே கால்பந்தில் 'பிளேயர் மேனேஜர்', அதாவது ஆடிக்கொண்டே அணியையும் நடத்துகிறவர், என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். சரி, இந்த வாரம் முழுப் பகுதியும் அதற்கே இருக்கட்டும்.

கேள்வி: களத்தில் ஆடுகிறவரே மேனேஜராகவும் இருந்தால் அணி உருப்படுமா சார்? ஒரு சீசன் முழுக்க அப்படி நடத்தி ஜெயித்தவர் யாராவது உண்டா?
– கல்லூரி மாணவர், வியாசர்பாடி

உண்டு தம்பி. 1985-86 சீசன், இங்கிலாந்தின் லிவர்பூல் அணி, கென்னி டால்கிளிஷ். மேனேஜராக அவருக்கு அதுதான் முதல் சீசன். ஆடிக்கொண்டே அணியை நடத்தி லீக் பட்டம், எஃப்.ஏ. கோப்பை இரண்டையும் ஒரே வருடத்தில் தூக்கினார். இருபதாம் நூற்றாண்டில் அதற்கு முன் அந்த இரட்டை வெற்றி இரண்டே அணிகளுக்குத்தான் வாய்த்திருந்தது: 1961இல் டோட்டன்ஹாம், 1971இல் ஆர்சனல். லிவர்பூலின் பெரிய மேனேஜர்களான ஷாங்க்லிக்கும் பெய்ஸ்லிக்கும்கூட அது கிடைக்கவில்லை.

ஆனால் அந்தப் பொறுப்பு அவர் கைக்கு எப்படிப்பட்ட நேரத்தில் வந்தது என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. 1985 மே 29, பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானம், ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம், எதிரே இத்தாலியின் யுவென்டஸ். ஆட்டம் தொடங்கும் முன்பே லிவர்பூல் ரசிகர்கள் பக்கத்துப் பகுதிக்குள் பாய, நெரிசலில் சுவர் இடிந்து 39 பேர் செத்துப்போனார்கள், பெரும்பாலும் இத்தாலியர்கள். அதற்குப் பிறகும் ஆட்டத்தை நடத்தினார்கள். டால்கிளிஷ் அதில் ஆடினார், லிவர்பூல் 0-1 என்று தோற்றது, அன்று ஸ்கோரைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. மேனேஜர் ஜோ ஃபேகன் ஓய்வு பெறுவது முன்பே முடிவாகியிருந்தது. மறுநாள் கிளப் அறிவித்தது: புதிய மேனேஜர் டால்கிளிஷ், தொடர்ந்து ஆடவும் செய்வார். வயது 34. அதற்கு முன் ஒரு நாள்கூட எந்த அணிக்கும் மேனேஜராக இருந்ததில்லை. இங்கிலாந்து கிளப்புகள் எல்லாவற்றுக்கும் ஐரோப்பியப் போட்டிகளில் தடை விழுந்தது. அப்படி ஒரு வாசலைத் தாண்டித்தான் அவர் அந்த அறைக்குள் போனார்.

சீசன் தொடங்கியதும் ஊர் முழுக்கப் பேச்சு மான்செஸ்டர் யுனைடெட் பற்றித்தான். முதல் 10 லீக் ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்தது. இன்னொரு பக்கம் லிவர்பூல் ஊர்க்காரர்களேயான எவர்டன், நடப்புச் சாம்பியன், போதாததற்குக் கேரி லினேகரை வேறு வாங்கியிருந்தார்கள். அந்த சீசனில் லீக்கில் மட்டும் அவர் 30 கோல். 1986 பிப்ரவரி 22 அன்று ஆன்ஃபீல்டில், சொந்த மண்ணில், லிவர்பூல் எவர்டனிடம் 0-2 என்று தோற்றது. முதல் கோல் கெவின் ராட்கிளிஃப் தூரத்திலிருந்து அடித்த சாதாரண பந்து, கோல் கீப்பர் குரோபலாரின் கையை விட்டு நழுவி உள்ளே போனது. எவர்டன் 8 புள்ளி முன்னால். கேப்டன் ஆலன் ஹான்சனே, நான் ஆடிய லிவர்பூல் அணிகளில் இதுதான் மோசமானது என்று டால்கிளிஷிடம் சொன்னதாகப் பிறகு பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் என்னால் மறக்க முடியாதது. மீதி 12 லீக் ஆட்டங்கள். 11 வெற்றி, ஒரு டிரா. ஏப்ரல் 30 அன்று இரவு லிவர்பூல் லெஸ்டரில் 2-0 என்று ஜெயிக்கிறது, அதே இரவு எவர்டன் ஆக்ஸ்ஃபோர்டில் 0-1 என்று தோற்கிறது. மே 3, கடைசி லீக் ஆட்டம், லண்டனில் செல்சியின் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானம். ஜெயித்தால் பட்டம். 23வது நிமிடம். ஜிம் பெக்லின் பந்தை டிஃபண்டர்களின் தலைக்கு மேல் மெல்லத் தட்டி விடுகிறார், பெனால்டி பகுதிக்குள் வலது பக்கம் தனியே நிற்பது மேனேஜர். நெஞ்சில் வாங்கி, இறங்கி வரும் பந்தை வலது காலால், பதற்றமே இல்லாமல், எதிர்மூலைக்கு அனுப்புகிறார். அப்புறம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடுகிறார், முகம் முழுக்கச் சிரிப்பு. 1-0. அந்த ஒரு கோல்தான் அன்று. லிவர்பூல் 88 புள்ளி, எவர்டன் 86, வெஸ்ட் ஹாம் 84. இவ்வளவு நெருக்கமான சீசனில் பட்டத்தை முடித்து வைத்த கோல் மேனேஜரின் காலிலிருந்து வந்தது. எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

கேள்வி: நேற்றுவரை கூட ஆடியவர்கள், தோள்மேல் கை போட்டுத் திரிந்தவர்கள். இன்று அவர்களையே 'நீ வேண்டாம்' என்று சொல்வது எப்படி? எங்கள் அலுவலகத்தில் எனக்குப் பதவி உயர்வு வந்த நாளிலிருந்து இதே பாடுதான் எனக்கு.
– வாசகி, திருச்சி

அம்மா, நீங்கள் கேட்டதுதான் இதில் நிஜமான கேள்வி. ஆடுவதும் அணியை நடத்துவதும் சேர்ந்து கஷ்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கென்னவோ அதைவிடக் கஷ்டம் நீங்கள் சொல்வதுதான் என்று படுகிறது.

ஃபில் நீல் என்று ஒரு வலது பக்க டிஃபண்டர். 1977, 1978, 1981, 1984 என லிவர்பூல் அதுவரை ஜெயித்த நான்கு ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டங்களிலும் ஆடிய ஒரே ஆள் அவர். அப்போதைய கேப்டனும் அவரே. மேனேஜர் பதவி தனக்கு வரும் என்று எதிர்பார்த்தவர். டால்கிளிஷ் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, கேப்டன் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்து ஹான்சனிடம் கொடுத்தது. அப்புறம் அணியில் அவர் இடமும் ஸ்டீவ் நிக்கலுக்குப் போனது. டிசம்பரில் நீல் போல்டன் அணிக்குப் போய்விட்டார், அங்கே அவரும் பிளேயர் மேனேஜர். இடது பக்கம் ஆலன் கென்னடி. 1981 இறுதி ஆட்டத்தில் ஒரே கோல் அவருடையது, 1984 இறுதியில் கோப்பையை முடிவு செய்த பெனால்டியும் அவருடையது. அவரும் செப்டம்பரில் சண்டர்லாண்டுக்கு அனுப்பப்பட்டார், அந்த இடத்தில் வந்தவர்தான் செல்சி ஆட்டத்தில் பந்து தட்டிக் கொடுத்த பெக்லின்.

பாருங்கள், இரண்டு பேருமே பழைய தோழர்கள், கூட நின்று கோப்பை வாங்கியவர்கள். நீலுக்கு வலித்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அவர் பக்கம் நின்று பார்த்தால் அது பெரிய அவமானம். ஆனால் டால்கிளிஷ் அந்த முடிவுகளை இழுத்தடிக்கவில்லை. சீசன் பாதிக்கு வருவதற்குள் இரண்டும் முடிந்துவிட்டன. இழுத்திருந்தால் டிரெஸ்ஸிங் ரூம் இரண்டாகப் பிரிந்திருக்கும். உங்கள் அலுவலகத்துக்கு நான் யோசனை சொல்லக்கூடிய ஆள் இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன்: சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடாதீர்கள், நேரில் சொல்லுங்கள், மூன்றாவது ஆள் வாயிலிருந்து அவர்களுக்குத் தெரிய விடாதீர்கள்.

கேள்வி: மேனேஜர் என்றால் தன் பெயரைத்தானே முதலில் எழுதுவார்? டால்கிளிஷ் மொத்தம் எத்தனை ஆட்டம் ஆடினார்? வெற்றிக்கு உண்மையான காரணம் பின்னால் இருந்த பாப் பெய்ஸ்லி என்கிறானே என் அண்ணன்?
– வாசகர், கோவை

அங்கேதான் விஷயமே இருக்கிறது. லீக்கில் மொத்தம் 42 ஆட்டங்கள். அதில் அவர் ஆடியது 21. சரிபாதி. அதுவும் கால் ஓய்ந்துபோனவர் அல்ல, 1977இல் செல்டிக்கிலிருந்து வந்த நாளிலிருந்து 7ஆம் எண் சட்டையில் லிவர்பூலின் மூளையாக இருந்தவர். செப்டம்பரில் எவர்டன் மைதானத்தில் ஆட்டம் தொடங்கி 20 விநாடி போலத்தான் ஆகியிருக்கும், அவர் கோல் அடித்துவிட்டார், லிவர்பூல் அதை 3-2 என்று ஜெயித்தது. அப்படி ஆடக்கூடியவர் தன்னை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, முன்கள வீரர் இயான் ரஷ்ஷுக்குப் பக்கத்தில் இளையவரான பால் வால்ஷை ஆட விட்டார். வால்ஷும் கோல் மேல் கோல் அடித்தார். வால்ஷுக்குக் காயம் பட்ட பிறகுதான், கடைசிக் கட்டத்தில், டால்கிளிஷ் தன் பெயரை மறுபடி நிரந்தரமாகப் பட்டியலில் எழுதினார். லீக்கில் அவர் கோல்கள் மூன்றே மூன்று: எவர்டன், வெஸ்ட் ப்ராம், செல்சி. எண்ணிக்கையைப் பார்த்தால் ஒன்றுமில்லை, நேரத்தைப் பாருங்கள்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அந்தக் காலத்தில் லீக் ஆட்டத்தில் மாற்று வீரர் ஒரே ஒருவர். இன்றைக்கு மாதிரி பெஞ்ச் நிறைய ஆள் கிடையாது. தான் உள்ளே என்றால் ஒரு இளைஞன் முழுசாக வெளியே. ஒவ்வொரு வாரமும் கண்ணாடி முன் நின்று 'இந்த வாரம் நான் தேவையா?' என்று கேட்டு, பாதி நாள் 'தேவையில்லை' என்று பதில் சொல்லிக்கொள்ள எத்தனை பேரால் முடியும்? நான் பார்த்த வரை பிளேயர் மேனேஜர்கள் பெரும்பாலும் சறுக்கியது இந்த இடத்தில்தான்.

உங்கள் அண்ணன் சொல்வதிலும் நியாயம் உண்டு. மூன்று ஐரோப்பியக் கோப்பை வாங்கித் தந்த பெய்ஸ்லி ஆலோசகராகக் கூடவே இருந்தார். ரோனி மோரன், ராய் எவன்ஸ் என்று பயிற்சியைப் பார்த்துக்கொள்ளப் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் இருந்தார்கள். மேனேஜர் களத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியிலிருந்து ஆட்டத்தைப் பார்க்க நம்பகமான கண்கள் வேண்டுமே, அது அவருக்கு வாய்த்தது. ஆனால் நீலை நீக்கியது பெய்ஸ்லி இல்லை. ஆஸ்டன் வில்லாவிலிருந்து ஸ்டீவ் மக்மஹோனை வாங்கியது, யான் மோல்பியை நடுக்களத்தின் மையமாக்கியது, இதெல்லாம் டால்கிளிஷ் பெயரில் போக வேண்டிய கணக்கு. மோல்பி டென்மார்க்காரர், கனத்த உடம்பு, அதிகம் ஓட மாட்டார், ஆனால் 40 கஜம் தள்ளி ஓடுகிறவனின் காலடியில் பந்தை வைப்பார். முந்தின சீசனில் அவருக்கு நிலையான இடமில்லை. இந்த சீசனில் அவர் இல்லாமல் அணியே இல்லை.

கேள்வி: அந்த வருட எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தைப் பற்றி நாலு வரி எழுதுங்களேன். என் அப்பா அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்.
– வாசகர், நாகர்கோவில்

நாலு வரி போதாது! மே 10, வெம்ப்ளி, எதிரே மறுபடியும் எவர்டன். ஒரே ஊரின் சிவப்பும் நீலமும். முதல் பாதியில் லினேகர் ஹான்சனை ஓட்டத்தில் முந்திக்கொண்டு போய் அடித்தார், குரோபலார் தடுத்தார், திரும்பி வந்த பந்தை லினேகரே உள்ளே தள்ளினார். இரண்டாம் பாதித் தொடக்கத்தில் லிவர்பூல் எவ்வளவு தடுமாறியது என்றால், குரோபலாரும் பெக்லினும் களத்திலேயே ஒருவரையொருவர் கத்திக்கொண்டார்கள். பிறகு எவர்டன் டிஃபண்டர் ஒருவர் தவறவிட்ட பந்து வீலனிடம், அவரிடமிருந்து மோல்பி, மோல்பியிடமிருந்து ரஷ், கோல் கீப்பரைச் சுற்றிக்கொண்டு போய் 1-1. கொஞ்ச நேரத்தில் எவர்டனின் ஷார்ப் தலையால் முட்டியதைக் குரோபலார் பின்னோக்கித் தாவித் தடுத்தார், அது விழுந்திருந்தால் கதையே வேறு. அடுத்தது மோல்பியின் குறுக்குப் பாஸ், கிரெய்க் ஜான்ஸ்டன் 2-1. கடைசியில் மறுபடி ரஷ், பந்து வலைக்குள் வைத்திருந்த கேமராவில் போய் மோதியது. 3-1. மேனேஜர் முழு ஆட்டமும் களத்தில். லிவர்பூல் தொடக்கப் பதினொருவரில் இங்கிலாந்து தேசிய அணிக்காக ஆடிய ஒருவர்கூடக் கிடையாது: ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ், டென்மார்க், ஜிம்பாப்வே, ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஜான்ஸ்டன். அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கேள்வி: பிளேயர் மேனேஜர் கோபக்காரராக இருந்தால்?
– வாசகர், சேலம்

கிரேம் சூனஸ். டால்கிளிஷின் பழைய லிவர்பூல் கூட்டாளி, 1986இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸுக்குப் பிளேயர் மேனேஜராகப் போனார். முதல் லீக் ஆட்டம், எடின்பரோவில் ஹைபர்னியன் அணியோடு. முதல் பாதியிலேயே சிவப்பு அட்டை! அணி 1-2 என்று தோல்வி. அடுத்த மே மாதம் அபர்டீனில் 1-1 டிரா செய்து லீக் பட்டத்தை உறுதி செய்த நாளிலும் அவருக்குச் சிவப்பு அட்டை. ஒன்பது வருடத்துக்குப் பிறகு ரேஞ்சர்ஸுக்குக் கிடைத்த பட்டம் அது, அதனால் ரசிகர்கள் எதையும் பெரிதுபடுத்தவில்லை.

கேள்வி: நம்ம சென்னையின் எஃப்.சி.யில் மெட்டரேஸி இருந்தாரே, அவரும் இந்தக் கணக்கில் வருவாரா?
– வாசகர், பெரம்பூர்

கண்டிப்பாக. 2014, ஐ.எஸ்.எல். எனும் இந்தியன் சூப்பர் லீக்கின் முதல் சீசன். மார்கோ மெட்டரேஸி, 2006 உலகக் கோப்பை இறுதியில் இத்தாலிக்காகக் கோல் அடித்தவர், 41 வயதில், ஓய்விலிருந்து திரும்பி வந்து பிளேயர் மேனேஜர். ஆடினார், ஆனால் எல்லா ஆட்டத்திலும் இல்லை, பிரேசில்காரர் எலானோவைத்தான் அணியின் மையமாக வைத்தார். எலானோ 8 கோல், தொடரிலேயே அதிகம். கோவாவில் முதல் ஆட்டத்தை 2-1 என்று ஜெயித்துத் தொடங்கிய அணி, லீக் சுற்றை முதலிடத்தில் முடித்தது.

பலர் மறந்துவிட்ட ஒன்று: செமி ஃபைனலில் எதிரே வந்த கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் பிளேயர் மேனேஜர்தான், இங்கிலாந்து கோல் கீப்பர் டேவிட் ஜேம்ஸ். செமி ஃபைனல் இரண்டு ஆட்டம், கோல்களைக் கூட்டித்தான் முடிவு. கொச்சியில் 0-3 என்று தோற்று வந்த சென்னை, நேரு ஸ்டேடியத்தில் ஒவ்வொன்றாக மூன்றையும் திருப்பியது. மூன்றாவது, ஜேஜே அடித்தது, கடைசி நிமிடத்தில். ஸ்டேடியம் அதிர்ந்த அதிர்ச்சி இன்னும் என் காதில் இருக்கிறது, பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். கூடுதல் நேரத்தில், பெனால்டி ஷூட் அவுட்டுக்கு மூன்றே நிமிடம் இருக்கும்போது ஸ்டீபன் பியர்சன் கேரளாவுக்காக அடித்தார். அவ்வளவுதான், வெளியே. அந்தப் பெரியவர் அப்புறம் ஒன்றும் பேசவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அடுத்த வருடம் மெட்டரேஸி ஜெர்சி போடவில்லை, மேனேஜர் மட்டும். அந்த 2015இல்தான் கோப்பை வந்தது.

கேள்வி: இப்போது ஏன் இப்படி யாரும் இல்லை?
– வாசகர், புதுச்சேரி

பெரிய லீக்குகளில் மேனேஜராக உயர்மட்டப் பயிற்சியாளர் உரிமம் வேண்டும், அதை ஆடிக்கொண்டே படித்து முடிப்பது பெரும்பாடு. வேலையும் பெருத்துவிட்டது: வீடியோ ஆய்வு, உடற்பயிற்சிக் கணக்கு, எதிரணி பற்றிய அறிக்கை, நாளுக்கு இரண்டு பேட்டி. 1990களில் செல்சியில் ஹாடில், குலிட், வியாலி என்று வரிசையாக மூன்று பேர் இருந்தார்கள், குலிட்டும் வியாலியும் கோப்பையும் வாங்கினார்கள். 2019இல் வின்சென்ட் கொம்பனி பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட்டில் முயன்றார். முதல் நான்கு ஆட்டங்களில் வெற்றி இல்லை, ஆட்ட நாள் பொறுப்பை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு ஆடுவதை மட்டும் பார்த்துக்கொண்டார். அடுத்த வருடம் ஆடுவதை நிறுத்திவிட்டு முழுநேர மேனேஜரானார். அவர் செய்தது சரி என்பதுதான் என் எண்ணம்.

கேள்வி: சார், எங்கள் ஊர் செவன்ஸ் (ஏழு பேர் ஆடும் கால்பந்து) அணிக்கு நான்தான் கேப்டன், நான்தான் கோச், சென்டர் ஃபார்வர்டும் நான்தான். வயது 33. போன மூன்று டோர்னமென்ட்டிலும் செமி ஃபைனலோடு வெளியே வந்துவிட்டோம். பையன்கள் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் ஏதோ இருக்கிறது என்று தெரிகிறது. என்ன செய்யட்டும்?
– வாசகர், தூத்தூர்

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கடலோரத்துக் கிராமங்களில் சாயங்காலம் வலையை ஒதுக்கி வைத்துவிட்டு மணலில் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்திருக்கிறேன், அங்கே ஒரு அணியைக் கட்டிக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். ஜெர்சிக்குக் காசு திரட்டுவதும் நீங்கள், வேனுக்கு டீசல் போடுவதும் நீங்களாகத்தான் இருக்கும். அதனால் உங்களிடம் பையன்கள் நேரே பேச மாட்டார்கள், பேசினால் நன்றி கெட்டதனம் ஆகிவிடுமோ என்று பயப்படுவார்கள். நீங்கள்தான் முதலில் பேச வேண்டும்.

முதலில் பெய்ஸ்லி மாதிரி வெளியே ஒருவரை உட்கார வையுங்கள். ஊரில் முன்பு ஆடிய அண்ணன் யாராவது இருப்பார், உங்கள் முகத்துக்கு நேரே உண்மை சொல்லக்கூடியவராக இருக்கட்டும். நீங்கள் களத்தில் இருக்கும் நேரம் முழுக்க ஆளை மாற்றும் உரிமை அவருக்கு, உங்களையும் சேர்த்து. அவர் கை காட்டினால் வாக்குவாதம் செய்யாமல் வெளியே வாருங்கள், எல்லோரும் பார்க்க வாருங்கள்.

அப்புறம், அடுத்த டோர்னமென்ட்டின் முதல் சுற்று ஆட்டத்தில் நீங்கள் ஆட வேண்டாம். உங்கள் இடத்துக்கு 19, 20 வயதில் ஒரு பையன் நிச்சயம் காத்துக்கொண்டிருப்பான், யார் என்று எழுதும்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கும். முந்தின நாளே அவனைக் கூப்பிட்டு, 'நாளைக்கு நீதான்' என்று சொல்லுங்கள். நீங்கள் கோட்டுக்கு வெளியே நின்று பாருங்கள். இத்தனை வருடம் உள்ளேயிருந்து பார்த்த உங்கள் அணியை முதல் தடவையாக வெளியிலிருந்து பார்ப்பீர்கள், யார் நிற்கிறான், யார் ஓடுகிறான், யார் பந்து வராமல் கத்துகிறான் என்று. செமி ஃபைனல் வந்து, கடைசி 15 நிமிடத்தில் ஒரு கோல் வேண்டியிருந்தால், பழைய காலோடு நீங்கள் இறங்குங்கள். அந்தப் பையன் எப்படி ஆடினான் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.